டெக்சஸில் இரவுப் பன்றி வேட்டை: புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்குவது?

கேட்டிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் டெக்சஸ்காரர் ஒருவரின் மாமனாருக்கு வார்ட்டன் கவுண்டியில் நிலம் இருக்கிறது. மக்காச்சோளம் விதைத்த மறு வாரமே பன்றிகள் வந்து, வரிசை மாறாமல் விதையைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகின்றனவாம். "ஒரு ராத்திரி எங்களோடு வா" என்று கூப்பிடுகிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது.

யூடியூபில் தெர்மல் ஸ்கோப் (உடல் சூட்டை வைத்து இருட்டில் குறிபார்க்க உதவும் கருவி) விலையைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. எதை வாங்குவது, எந்த ரைஃபிள் சரிவரும், பன்றிக்கு லைசன்ஸ் வேண்டாம் என்கிறார்களே அது நிஜமா, கொஞ்சம் சொல்லுங்கள். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன்.

பிரேசோஸ் கரையான்:
தம்பி, கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, எச்-1பி என்று, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்கோப்பெல்லாம் அப்புறம்.

2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, காட்டுப்பன்றி சுட ஹன்டிங் லைசன்ஸ் தேவையில்லை. இது நிஜம். ஆனால் இது மாநிலச் சட்டம். ஃபெடரல், அதாவது மத்திய அரசின், துப்பாக்கிச் சட்டத்தின் 922ஆம் பிரிவு வேறொன்று சொல்கிறது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாம் இதில் அடக்கம். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை. நண்பர் உங்கள் கையில் கொடுத்து நீங்கள் பிடித்தாலே அது வைத்திருப்பதுதான்.

அதே பிரிவில் சில விலக்குகள் உண்டு. நம் ஆட்களுக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பது. ஆக, பன்றியைச் சுட டெக்சஸ் உங்களிடம் லைசன்ஸ் கேட்காது. ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு உங்களுக்கு அந்த லைசன்ஸ் வேண்டும். கூப்பிடுகிற டெக்சஸ்காரருக்கு இது தெரிந்திருக்காது. அவர் நல்ல மனதோடுதான் "லைசன்ஸ் எதற்கு, சும்மா வா" என்பார்.

டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால் ரெசிடென்ட் ஹன்டிங் லைசன்ஸ் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் பாடம் முடிக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். இரண்டையும் செய்துவிட்டு அப்புறம் வாருங்கள், ஸ்கோப் பேசலாம்.

கேட்டிவாசி:
அடேயப்பா. நல்லவேளை கேட்டேன். ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதற்கும் இதே விதியா?

பிரேசோஸ் கரையான்:
அதே விதிதான். ரேஞ்சில் பலரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்காததால் குற்றம் இல்லாமல் போய்விடாது. இந்தப் பிரிவில் 2022க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

டல்லஸ் மாப்பிள்ளை:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் லைசன்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். பன்றிக்கு சீசன் கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். கோடையில்தான் இரவு வேட்டை மும்முரம். லைசன்ஸ் தேதி யார் மனதில் இருக்கும்? ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குப் பிறகு பழைய லைசன்ஸோடு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நின்றால், டெக்சஸ் கேம் வார்டன் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஒன்றும் சொல்ல மாட்டார். ஃபெடரல் சட்டப்படி நீங்கள் வெறும் கையோடு நிற்க வேண்டியவர். ஆகஸ்ட் நடுவில் புது லைசன்ஸ் விற்பனைக்கு வரும், அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி சொந்தமாக வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது. நம்மைப் போன்ற இணையத்துப் பெரியவர்கள் சொன்னதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கோவைக் குசும்பன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் தொண்டாமுத்தூர் பக்கம். இங்கேயும் காட்டுப்பன்றிதான் பிரச்சினை. என் மச்சான் அடுத்த மாதம் ஆஸ்டினிலிருந்து வருகிறான். சுடுவதற்கு இல்லை, தோட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு தெர்மல் மோனோகுலர் (ஒற்றைக்கண்ணால் பார்க்கும் கையடக்கக் கருவி) பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாமா?

பிரேசோஸ் கரையான்:
சொல்லாதீர்கள் நண்பரே. தெர்மல், நைட் விஷன் கருவிகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அனுமதி வாங்காமல் சூட்கேஸில் போட்டு விமானம் ஏறினால் மச்சான் அங்கேயே மாட்டிக்கொள்வார். விற்கும் கடைகள் பெட்டியிலேயே எச்சரிக்கை ஒட்டித்தான் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் பன்றியைச் சுடும் வேலை வனத்துறையுடையது. அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

கோவைக் குசும்பன்:
சரி, விட்டுவிட்டேன். இங்கே சிலர் இன்னும் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கிறார்கள், கடித்துச் சாவது மாடும் யானையும். உங்கள் பேச்சைக் கேட்க நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.

டெண்டன் அக்கா:
யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்பதால் கேட்கிறேன். இந்தத் தளத்தில் சமையல், கோயில், வீட்டுக்கடன் என்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று ராத்திரியில் போய் மிருகத்தைச் சுடுவது எப்படி என்று ஓர் இழை. கேட்டிவாசிக்கு நிலமும் இல்லை, பயிரும் இல்லை. விவசாயி சுடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இவருக்கு என்ன நியாயம்?

சோளக்கொல்லை:
அக்கா, நியாயமான கேள்வி. நவாசோட்டா அருகே கொஞ்சம் நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இந்தப் பன்றி இந்த மண்ணின் விலங்கு இல்லை. 1500களில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப்பன்றி காட்டுக்குள் போனது. 1930களில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்ததுதான் இப்போது திரிவது. டெக்சஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. பெண் பன்றி ஆறு, எட்டு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் நாலு மாதம்கூட இல்லை. எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நிற்க வேண்டும் என்றாலே வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறைக்காரர்கள். கோழிபோல் தரையில் முட்டையிடும் பறவைகளின் கூட்டைத் தின்னும், ஓடைக்கரையை உழுது சேறாக்கும். இதனால்தான் அரசு லைசன்ஸைத் தூக்கியது. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்குக் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றலாம் என்று சட்டம் போட்டார்கள். 2017இல் வெப்பக்காற்றுப் பலூனிலிருந்தும் சுடலாம் என்றார்கள். பலூனில் போய்ப் பன்றி சுட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் அக்கா கேட்டதில் பாதி எனக்கும் உடன்பாடு. ரைஃபிளோடு வருபவர்கள் விவசாயிக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். இருபது பன்றி மேய்கிற இடத்தில் இரண்டைச் சுட்டால், மிச்சம் பதினெட்டும் பாடம் படித்துவிடும். அடுத்த இரவு பக்கத்துக்காரன் கொல்லைக்குப் போகும், பத்து நாள் கழித்து இன்னும் சந்தேகப் பிராணியாகத் திரும்பி வரும். மிஸ்ஸௌரியில் இதே காரணத்துக்காக 2016இல் வனவளத் துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடைசெய்துவிட்டது. அங்கே பொறி வைத்து முழுக் கூட்டத்தையும் பிடிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். வட்டமாக வேலிப் பலகை நிறுத்தி, நடுவில் சோளம் போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பேன். கூட்டம் முழுக்க உள்ளே வந்த பிறகு போனிலிருந்து கதவை விழவிடுவேன். ஒன்று வெளியே நின்றாலும் விழவிட மாட்டேன்.

டல்லஸ் மாப்பிள்ளை:
பொறி எல்லா இடத்திலும் வேலை செய்யாது அண்ணா. விதைப்பு நேரத்தில் வயல் முழுக்கத் தின்னக் கிடக்கும்போது பன்றி எதற்காக உங்கள் சோளத்தைத் தேடிப் பொறிக்குள் வரப்போகிறது? அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு ரைஃபிள்தான். கூட்டத்தைத் துரத்திவிட்டாலே முளைப்பு தப்பிக்கும். வார்ட்டன் விவசாயி கூப்பிடுவதும் அதற்காகத்தான் இருக்கும்.

சோளக்கொல்லை:
விதைப்புக் காலத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்ற மாதங்களுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டெண்டன் அக்கா:
பதில் சொன்ன விதம் பிடித்திருக்கிறது. எனக்கு இன்னும் மனது ஒப்பவில்லை. ஆனால் இழையைக் கெடுக்க மாட்டேன். பாதுகாப்பைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள். இருட்டில் துப்பாக்கி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

கேட்டிவாசி:
லைசன்ஸ் வழி புரிந்துவிட்டது, பாடத்துக்கும் பதிவு செய்துவிட்டேன். இப்போதாவது ஸ்கோப் பற்றிக் கேட்கலாமா?

பிரேசோஸ் கரையான்:
கேட்கலாம். அக்கா கேட்டதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றுதான்.

தெர்மல் கருவி சூட்டைக் காட்டும். பன்றியைக் காட்டாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்களால்தான் கன்றுக்குட்டியும் காவல் நாயும் சாகின்றன. விளம்பரத்தில் "1,500 யார்டு தூரம் தெரியும்" என்று போட்டிருப்பான். அது அங்கே ஏதோ சூடாக இருக்கிறது என்று தெரியும் தூரம். அது என்ன பிராணி என்று அடித்துச் சொல்லக்கூடிய தூரம் அதில் சிறு பங்குதான். 384 சென்சாருக்கும் 640 சென்சாருக்கும் (படத்தின் அகலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு, கூடினால் தெளிவு) விலை வித்தியாசம் ஏன் என்றால் இதற்காகத்தான். ஆனால் புதியவர் 640 வாங்குவதைவிட, 100 யார்டுக்குள் நடந்துபோகக் கற்றுக்கொள்வது மேல்.

எப்படி அடையாளம் காண்பது? உருவத்தை மட்டும் நம்பாதீர்கள், நடையைப் பாருங்கள். பன்றி நிற்காது. தலை தரையிலேயே இருக்கும், முட்டி மோதிக்கொண்டே நகரும், குட்டிகள் தாயின் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும். முதுகு தோள்பக்கம் உயர்ந்து பின்னால் சரியும். மானுக்குக் கழுத்து நீளம், கொஞ்சம் மேய்ந்ததும் தலையைத் தூக்கிப் பார்க்கும். கன்றுக்குக் கால் நீளம். ஆனால் படுத்திருக்கும் கன்று வெறும் உருண்டைதான், இடுப்பளவு புல்லில் நிற்கும் எதுவும் அப்படித்தான். தெர்மலில் தூரமும் பிடிபடாது. அருகில் நிற்கும் முயலும் தூரத்துப் பன்றியும் ஒரே அளவில் தெரியும். பகலிலேயே போய் ஃபீடரிலிருந்து (தீனி போடும் பெட்டி) வேலி எவ்வளவு தூரம், ஓடை எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கு, மேற்கு டெக்சஸுக்குப் போனால் இன்னொரு சிக்கல், ஹாவலினா. பார்த்தால் சின்னப் பன்றிபோலவே இருக்கும், பன்றி இல்லை. அது அரசு கணக்கில் வேட்டை விலங்கு. லைசன்ஸ் வேண்டும், எண்ணிக்கை வரம்பு உண்டு, இரவில் சுடவே கூடாது. மானும் அப்படித்தான். "தெர்மலில் பன்றிமாதிரி இருந்தது" என்று வார்டனிடம் சொல்லிப் பயனில்லை.

சந்தேகம் வந்தால் சுடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, கூட இருக்கும் இன்னொருவரும் தன் கருவியில் பார்த்து "பன்றி" என்று வாயால் சொல்லும்வரை துப்பாக்கியின் சேஃப்டி பூட்டு போட்டபடியேதான் இருக்க வேண்டும்.

சோளக்கொல்லை:
இதை அச்சடித்து என் வேலிக் கதவில் ஒட்டலாம். என் பக்கத்து நிலத்தில் ஆட்டுக்குக் காவலாகப் பெரிய வெள்ளை நாய்கள் இரண்டு இருக்கின்றன. ராத்திரி முழுக்க வேலி ஓரமாக ரோந்து போகும். தெர்மலில் அவை எப்படித் தெரியும் என்று பார்த்திருக்கிறேன். நல்லதாகத் தெரியவில்லை.

டல்லஸ் மாப்பிள்ளை:
கருவி விஷயத்தில் என் பங்குக்கு.

முதலில் கையடக்க மோனோகுலர் வாங்குங்கள், ஸ்கோப் பிறகு. ஸ்கோப் மட்டும் இருந்தால், சுற்றிலும் பார்ப்பதற்கு லோட் செய்த ரைஃபிளையே எல்லாத் திசையிலும் திருப்ப வேண்டிவரும். வீட்டுக்காரர் பின்கட்டில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றால் அவர்மீதும்தான் குழல் போகும். இது அபத்தம். முதல் சில தடவைக்கு எதுவுமே வாங்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், ரைஃபிளும் தெர்மலும் அவர்களே தருவார்கள்.

டிரக் கண்ணாடி வழியே தெர்மல் பார்க்காது, உங்கள் முகச் சூடுதான் தெரியும். மூடுபனியிலும் மழையிலும் பாதி குருடு. கம்பி வேலியும் சிறு கிளையும் அதில் பெரும்பாலும் தெரியாது. குழலுக்கு நேரே வேலிக்கம்பம் நின்று, அதில் குண்டு பட்ட கதைகள் நிறைய. ஆகஸ்டில் வெயில் வாங்கிய மண்ணும் கல்லும் நள்ளிரவுவரை சுட்டுக்கொண்டே இருக்கும், படம் மங்கலாகத்தான் வரும். விடிவதற்கு முந்தைய நேரம்தான் தெளிவு.

பேப்பர் டார்கெட்டில் சுட்டு ஸ்கோப்பைச் சரிசெய்யப் போனால் கருவியில் ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் கையைச் சூடாக்கிக்கொள்ளும் ஹேண்ட் வார்மர் பை ஒன்றை அட்டையில் ஒட்டிக் குறிபாருங்கள்.

ரைஃபிள் பற்றி நூறு இழை இருக்கிறது. தோட்டா வகையில் .308 போதும், 6.5 கிரீட்மூர் போதும், ஏஆர்-15இல் .300 பிளாக்அவுட்டும் கிட்டத்தில் போதும். நண்பரிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டிவாசி:
தெர்மல் இல்லாமல், பச்சை விளக்கு வைத்துச் சுடுகிறார்களே?

டல்லஸ் மாப்பிள்ளை:
அதுவும் நடக்கும். ஃபீடருக்கு மேலேயே மங்கலான பச்சை விளக்கை நிரந்தரமாகத் தொங்கவிட்டால் பன்றி பழகிக்கொள்ளும். திடீரென்று அடிக்கும் டார்ச் வேறு கதை, ஓடிவிடும். விளக்கில் ஒரு வசதி, எதைச் சுடுகிறோம் என்று நிறத்தோடும் உரோமத்தோடும் தெரியும். கரையான் அண்ணா சொன்ன அடையாளப் பிரச்சினை பாதி குறையும். ஃபீடர் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குபவருக்கு இதுவே நல்லது.

வெள்ளி மலையான்:
இவ்வளவு சட்டதிட்டம் பேசுகிறீர்களே, டெக்சஸில் துப்பாக்கி என்பது...

நெறியாளர்:
மேலே உள்ள பதிவின் மீதியும் அதற்கு வந்த பதில்களும் நீக்கப்பட்டன. துப்பாக்கி அரசியலுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே வேட்டை மட்டும்.

பிரேசோஸ் கரையான்:
மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், முதல் இரவு எப்படிப் போகும் என்று.

நிலத்துக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவுண்டி கேம் வார்டனுக்கு மாலையிலேயே ஒரு போன். கட்டாயமில்லை, ஆனால் ராத்திரி வெடிச்சத்தம் கேட்டு யாராவது புகார் செய்தால் அவர் வண்டியை நேரே உங்களிடம் விரட்டிக்கொண்டு வர மாட்டார். சாலையிலிருந்து சுடவே கூடாது. பொது நிலம் என்றால் லைசன்ஸ் எல்லோருக்கும் வேண்டும், நேரக் கட்டுப்பாடும் இடத்துக்கு இடம் மாறும். புதியவர் அந்தப் பக்கம் இரவில் போக வேண்டாம்.

பன்றிக்குக் கண் சுமார், மூக்கு அபாரம். காற்று உங்கள் முதுகில் பட்டால் திரும்பி வேறு வழியாகச் சுற்றிப் போங்கள். மேயும் சத்தம், உறுமல், சண்டை எல்லாம் கேட்கும். அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் நீங்களும் அசையாமல் நில்லுங்கள்.

இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சுடுவதென்றால், வரிசையாகத் தோளோடு தோள் நிற்க வேண்டும், யாரும் முன்னே போகக்கூடாது. ஒருவர் மூன்று எண்ணுவார், எல்லோரும் ஒரே நேரத்தில். கூட்டம் சிதறி ஓடும்போது குழலைத் திருப்பிக்கொண்டே போகத் தோன்றும். இடதுபுறம் எதுவரை, வலதுபுறம் எதுவரை என்று முன்பே பேசிய எல்லையைத் தாண்டக்கூடாது. பன்றிக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடவும் கூடாது. தட்டை நிலத்தில் .308 குண்டு மைல் கணக்கில் போகும்.

எங்கே சுடுவது? மானைச் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் சுடுவார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே. பின்னால் பட்டால் குடல்தான், காயத்தோடு புதருக்குள் போய்விடும். முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். அசையாமல் நின்றால் காதுக்குப் பின்னால். பெரிய ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த, கெட்டியான கவசம் இருக்கும்.

விழுந்ததும் ஓடாதீர்கள். காத்திருந்து, டார்ச் அடித்து, முதுகுப் பக்கமாகப் போங்கள். கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும். பன்றி தானாக மனிதனைத் தாக்குவது அபூர்வம். ஆனால் 2019 நவம்பரில் அனஹுவாக் ஊரில் அதிகாலை வேலைக்கு வந்த ஒரு பெண்மணியைப் பன்றிகள் கொன்றே விட்டன. நான் பன்றியைவிடப் பாம்புக்குத்தான் அதிகம் பயப்படுவேன். ராட்டில்ஸ்னேக் தெர்மலில் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள்.

கேட்டிவாசி:
கறி? அம்மா கேட்கிறார். விருதுநகர்க்காரர், வறுவல் என்றால் உயிர்.

சோளக்கொல்லை:
இந்தக் கேள்வி வர ஏன் இவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல கறிதான். நாற்பது, ஐம்பது கிலோவுக்குள் இருக்கும் பெண் பன்றி என்றால் அருமை. பெரிய ஆண் பன்றியில் ஒரு வாடை அடிக்கும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. கோடையில் உடனே குடல் எடுத்து, துண்டு போட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். அடியில் உள்ள மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீர் வடியவிடுங்கள்.

வெட்டும்போது ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். புருசெல்லோசிஸ் என்று ஒரு நோய், இரத்தம் வழியாக வரும். கையில் சின்னக் கீறல் போதும். பல வாரம் கழித்து விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி என்று வந்தால் மருத்துவரிடம் "காட்டுப்பன்றி வெட்டினேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். மாமிசத்தின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ், அதாவது 160 ஃபாரன்ஹீட், வரும்வரை வேக வேண்டும். நம் ஊர் வறுவலில் அது தாராளமாக வந்துவிடும், வெள்ளைக்காரர்கள் ரோஸ் நிறத்தில் சாப்பிடுவதுதான் ஆபத்து. நாய்க்குப் பச்சைக்கறி போடாதீர்கள், பன்றியிடமிருந்து தொற்றும் சூடோரேபிஸ் நாயைக் கொல்லும்.

அப்புறம், வெட்டியதும் கொழுப்பைப் பாருங்கள். நீலமாக இருந்தால் அது வார்ஃபரின் விஷத்தீனி தின்ற பன்றி. அந்தத் தீனியில் வேண்டுமென்றே சாயம் சேர்த்திருப்பார்கள். அப்படியே புதைத்துவிடுங்கள்.

வேட்டையில் கிடைத்த கறியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடாது.

டெண்டன் அக்கா:
சாப்பிடப்போகிறார் என்றால் என் ஆட்சேபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். குட்டியோடு இருப்பதை மட்டும் விட்டுவிடுவீர்களா?

சோளக்கொல்லை:
மாட்டார்கள் அக்கா. பொய் சொல்ல விரும்பவில்லை. எண்ணிக்கையைக் குறைக்கத்தான் போகிறோம் என்றால் முதலில் சுடவேண்டியது தாய்ப்பன்றிதான். அது பிடிக்காதவர் டிரக்கிலேயே உட்கார்ந்து மோனோகுலரில் பார்த்துச் சொல்லலாம், அதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

கேட்டிவாசி:
முதல் தடவை நான் அந்த ஆளாகவே இருக்கலாம் என்று தோன்றுகிறது. துப்பாக்கியைத் தொடாமல், கருவியில் பார்த்துப் பன்றியா கன்றா என்று சொல்லும் வேலை. லைசன்ஸ் இல்லாமல் இதற்குப் போகலாமா?

பிரேசோஸ் கரையான்:
போகலாம், ஆனால் டிரக்கில் தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் வாங்காதீர்கள், அதுவும் "வைத்திருப்பது"தான். 25 டாலர்தானே தம்பி, லைசன்ஸை வாங்கிவிட்டே போங்கள். எந்த வாரம் என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள். வார்ட்டன் பக்கம் தெற்குக் காற்று வீசும் இரவாகப் பார்த்து, வயலுக்கு வடக்கே நிற்கும்படி இடம் கேளுங்கள்.